யாரும் அவுட் ஆகாத வெள்ளிக்கிழமை

வாத்தியார் வேலையில் தொண்டை கட்டும், சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறும்; புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தாலோ ஊரே கேட்டில் வந்து நிற்கும். சக வாத்தியார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாநில எல்லையில், பாகலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு என்னுடையது. முப்பத்திரண்டு பிள்ளைகள். வீட்டில் பேசுவது தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழி.

ஒரு நாற்காலி, எட்டுப் பேர்

கூட்டு விளையாட்டுகள் பற்றிய புத்தகம் ஒன்று பள்ளி அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரே மூச்சில் படித்தேன். அதில் ஒரு நாற்காலி விளையாட்டு. பாட்டு நிற்க நிற்க நாற்காலி குறையும், ஆள் குறையக் கூடாது. மிச்சம் இருப்பதில் எல்லோரும் எப்படியாவது ஒட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கணக்கை ஒதுக்கிவிட்டு, எட்டு எட்டுப் பேராக விளையாட விட்டேன்.

மகனைக் கூட்டிப்போக வந்த நாகராஜ் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். வண்டி கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை அவருக்கு. "எல்லாரும் ஜெயிச்சா ஃபர்ஸ்ட் ரேங்க் யாருக்கு சார் குடுப்பீங்க?" என்று கேட்டவர், அதோடு விடாமல் தலைமை ஆசிரியையிடமும் போனார். மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாசக் கடைசியில பெற்றோர் கூட்டம் இருக்கு. அவங்க சரின்னா விளையாட்டு. இல்லன்னா பழையபடி கணக்கு."

கிழிந்த பேப்பர்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை புத்தகத்தில் இருந்த பேப்பர் விளையாட்டை எடுத்தேன். விரித்த செய்தித்தாள் மேல் எட்டுப் பேர் நிற்க வேண்டும். பிறகு பேப்பரைப் பாதியாக மடிப்போம். அப்போதும் எட்டுப் பேரும் நிற்க வேண்டும். யாரும் வாய் திறக்கக் கூடாது. புத்தகத்தில் இருந்த விதியை நான் அப்படியே நம்பினேன். பத்தே நிமிடத்தில் நாலு பேப்பரும் கிழிந்தன, இரண்டு சட்டையில் பட்டன் போனது. காலை மிதித்தவனை முறைத்துக்கொண்டே பவித்ரா கேட்டாள்: "பேசக்கூடாதுன்னா எப்படி சார் சண்டை போடாம இருக்கறது?"

மூன்று கை மிளகாய்த்தூள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் காரச் சிக்கன், சமையல் என்னுடையது. நான் விருதுநகர் பக்கம். கண்ணில் தண்ணீர் வராவிட்டால் அது எனக்குச் சிக்கனே இல்லை. வெள்ளிக்கிழமை வகுப்பில் தோற்ற கடுப்பில், பேசாத விளையாட்டை அடுப்படியிலேயே நடத்திக் காட்டுகிறேன் என்று மனைவி தேன்மொழியையும் மகள் யாழினியையும் சேர்த்துக்கொண்டேன். யாரும் பேசக் கூடாது. அடுத்தவரைப் பார்த்து, விட்டுப்போனதைச் செய்ய வேண்டும். சின்ன வெங்காயம் வதங்கியது, இஞ்சி பூண்டு மணத்தது, கறி தண்ணீர் விட்டுச் சுண்டியது. ஒற்றுமையைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

முதல் வாயிலேயே யாழினி தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாள். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நான் மிளகாய்த்தூள் போட்டதைத் தேன்மொழி பார்க்கவில்லை, அவள் போட்டதை யாழினி பார்க்கவில்லை. மூன்று பேரும் ஆளுக்கு மூன்று ஸ்பூன் போட்டிருந்தோம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேன்மொழி சொன்னாள்: "புத்தகத்துல என்ன வேணா எழுதியிருக்கட்டுங்க. கூட நிக்கிறவங்க கிட்ட வாயத் தொறந்து சொன்னாத்தான் வேலை நடக்கும்."

ஜரகண்டி

மூன்றாம் வெள்ளிக்கிழமை பேசக் கூடாது என்ற விதியை எடுத்துவிட்டேன். எந்த மொழியிலும் பேசலாம் என்றதும் வகுப்பே வேறு மாதிரி ஆனது. "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தமிழ்ப் பிள்ளைகள் தெலுங்கில் கத்தினார்கள். "கொஞ்சம் தள்ளு" என்று தமிழில் கன்னடப் பிள்ளைகள். "அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் தெலுங்குப் பிள்ளைகள். இரண்டு முறை மடித்த பேப்பரிலும் எட்டுப் பேர் நின்றார்கள். வராண்டாவில் நின்று பார்த்த மேடம் சொன்னார்: "சந்தை மாதிரி சத்தம் சார். ஆனா ஒரு புள்ளை கூட அழல."

அப்பாக்கள் ஏறிய பேப்பர்

பெற்றோர் கூட்டத்தில் நான் பேசவில்லை. வாதாடினால் விளையாட்டுப் பீரியடே போய்விடும் என்று பயம். அம்மாக்களுக்கு ஒரு பேப்பர், அப்பாக்களுக்கு ஒரு பேப்பர் விரித்தேன். அம்மாக்கள் சிரித்துக்கொண்டே ஒருத்தரை ஒருத்தர் பிடித்து, இரண்டாவது மடிப்பையும் முடித்துவிட்டார்கள். அப்பாக்கள் எட்டுப் பேரும் அவரவர் காலைப் பார்த்தபடி விறைப்பாக நின்று, மூன்று முறை சரிந்தார்கள். ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள் மூன்று மொழியிலும் வழி சொன்னார்கள்.

நாலாவது முறை நாகராஜுக்குப் பொறுக்கவில்லை. "இருங்கப்பா, நம்ம லைன்ல ஒருத்தன் நின்னா மொத்த லைனும் நின்னுடும் இல்ல? அதே கதைதான். உயரமானவங்க நடுவுல வாங்க, மத்தவங்க அவங்க தோளப் புடிங்க" என்றார். பிடித்தார்கள். நின்றார்கள். ஜன்னலில் அவர் மகன் விடாமல் கை தட்டினான். இந்தப் பதினாறு வருட வேலையில் அவ்வளவு பெருமை எனக்கு வந்ததில்லை. "என்ன சொல்றீங்க, விளையாட்டா, கணக்கா?" என்று மேடம் கேட்டார். நாகராஜ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "அடுத்த வாரம் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் சார், மத்தியானமே முடிஞ்சிடும். கடைசி பீரியடுக்கு வந்தா என்னையும் சேத்துக்குவீங்களா?"

இப்போது வெள்ளிக்கிழமை என் வகுப்பில் யாரும் அவுட் இல்லை; ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் மிளகாய்த்தூள் டப்பாவைத் தொடும் முன் நான் மட்டும் இரண்டு பேரிடம் சத்தமாக அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.