ஆரல்வாய்மொழிச் சாலையில் நான் கண்ட டயர் தடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருஷம் ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை என் வீட்டுக்காரர் ஞானமுத்து தம் வாடகைக் காரில் ஒரு வியாபாரியை ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றவர் மறுநாள் விடிந்தும் வரவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை.

இங்கே கூடியிருக்கிற சபையாருக்கு அந்தக் காரைத் தெரியும். மலையில் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்ததை, சித்திரையில் இவர் வாங்கி வந்தார். ஹாரன் அடிக்கிறதா, விளக்கு எரிகிறதா என்றெல்லாம் பார்த்தவர், குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை. நாலு டயரும் நாலு விதம். நான் மிஷன் பள்ளியில் லேஸ் பின்னப் படித்தவள். ஒரு இழை மாறினாலும் என் கண் அங்கேயே நின்றுவிடும். ஒன்றில் வைரக் கட்டம், ஒன்றில் மீன் செதில், ஒன்றில் நெளி நெளியான கோடு. நாலாவது தேய்ந்து சுத்த மொட்டை.

"ஏட்டி, வண்டி ஓடுதா இல்லியான்னு மட்டும் பாரு. டயரு என்ன கல்யாணத்துக்கா போவுது?" என்று சிரித்தார்.

எனக்கு மனம் ஆறவில்லை. அன்று முதல் குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, ஒரே மாதிரி நாலு டயர் தாரும்" என்று கேட்டேன். இரண்டு மாதம் விடாமல் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஆண்டவர்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

ஆனாலும் அந்த டயர்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கார் எங்கள் மணல் முற்றத்தில் வந்து நின்றால் போதும், தடம் பார்க்க இறங்கிவிடுவேன். நேராகப் போகும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தை அழித்துவிடுகிறது. இரண்டு தடம்தான் மிச்சம். திரும்பும்போது மட்டும் நாலும் தனித்தனியாக விழுகிறது. இது ஏன் என்று எத்தனையோ நாள் யோசித்தேன். அந்தச் செதிலைக் காகிதத்தில் வரைந்து லேஸ் பின்னக்கூடப் பார்த்தேன், சரிப்படவில்லை. அக்கம்பக்கத்தார் எனக்குக் கிறுக்கு என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுச் சுயம்பு அண்ணன் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் எங்கள் சபை இல்லை, அய்யாவழிக்காரர். "அய்யா கைவிட மாட்டாரு, ஏறு தங்கச்சி" என்றார். ஆரல்வாய்மொழியில் என் வீட்டுக்காரர் கொண்டுபோய் இறக்கிவிட்ட வியாபாரியைக் கண்டு கேட்டோம். முந்தின நாள் பத்து மணிக்கே வண்டி ஊருக்குத் திரும்பிவிட்டதாம். கணவாயில் இருந்த சுங்கச் சவுக்கைக்காரரோ, அப்படி ஒரு கார் எல்லை தாண்டிப் பாண்டிச் சீமைக்குக் கடக்கவே இல்லை என்றார். அப்படியானால் இந்த ஒன்பது மைலுக்குள் ஆளும் காரும் எங்கே போயின? காப்பிக்கடையில் ஒருவன், "பாண்டியில பொண்ணு பாக்கப் போயிருப்பாரு" என்று சொல்லிச் சிரித்தான். அவனை நான் இன்னும் மன்னித்து முடிக்கவில்லை.

திரும்பும் வழியில் ஏழெட்டு வண்டிப்பாதைகள் வயலுக்கும் குளத்துக்குமாகப் பிரிகின்றன. அவற்றில் ஒன்றின் முகப்பில் சுயம்பு அண்ணன் வண்டியை நிறுத்தினார்.

"ஒவ்வொண்ணா ஏறி எறங்கினா ரெண்டு நாளாவும் தங்கச்சி. எதுல போவ?"

நான் இறங்கிச் சாலையிலேயே முழங்கால் போட்டேன். பெரிய ஜெபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எந்தப் பக்கம்?" அவ்வளவுதான். கண்ணைத் திறந்தேன். என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, சாரலில் நனைந்து இறுகிய மண்ணில், மீன் செதில்.

"அண்ணே, இந்தப் பாதைதான்!"

"எல்லா வண்டித் தடமும் ஒண்ணுபோலதான கெடக்கு?"

"மாட்டு வண்டிச் சக்கரத்துல எங்கண்ணே செதிலு இருக்கு?"

கைகாட்டினேன். பாதை திரும்பும் இடம் ஆகையால் நாலும் பிரிந்து கிடந்தன: செதில், வைரம், நெளி, மொட்டை. திரும்பி வந்த தடம் இல்லவே இல்லை. நான் ஓடினேன். அண்ணன் மாட்டைத் தட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

இரண்டு பர்லாங் தாண்டி ஓடைக்குள் கார் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் அவருடைய கால். மலையில் மழை பெய்து ஓடைத் தண்ணீர் அவர் மார்புக்கு ஏறியிருந்தது. கையைப் பிடித்தேன், சில்லென்று விறைத்துக் கிடந்தது. வயலில் களை பறித்தவர்களெல்லாம் ஓடிவந்து காரைத் தூக்கினார்கள்.

"ஏட்டி, ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சி?" என்றார். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. ஆனிக் காற்றில் சாலைக்குக் குறுக்கே புளியமரம் விழுந்திருக்கிறது. இவர் சுற்றிப்போகலாம் என்று அந்தப் பாதையில் இறங்கியிருக்கிறார். அன்று சாயங்காலமே மரத்தை வெட்டி இழுத்துவிட்டதால் எங்களுக்கு அடையாளமே இல்லை. ஓடைக்கரையில் வழுக்கிவிட்டது அந்த மொட்டை டயர்தான். வழி காட்டியது அதன் கூட்டாளிகள்.

இதைத்தான் இன்றுவரை யோசிக்கிறேன். நான் கேட்ட டயர்களைத் தந்திருந்தால் வழுக்கியே இருக்காதோ? அல்லது எப்படியும் வழுக்கி, நான் அடையாளம் தெரியாமல் பஸ் தடத்தின் பின்னால் வேறெங்கோ போயிருப்பேனோ? போதகர் ஐயாவிடம் கேட்டேன். "அம்மா, அதை நாம் மேலே போய்க் கேட்டுக்கொள்வோம்" என்றார். எனக்கும் கேட்கத்தான் ஆசை, அவசரம் இல்லை. மொட்டையை மட்டும் மாற்றினோம். புதிதாக வந்தது ஐந்தாவது விதம்.

முன்பெல்லாம் என் ஜெபம் கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டு மாதிரி இருக்கும். இப்போதும் கேட்கிறேன், நிறையவே கேட்கிறேன். ஆனால் ஆமென் சொன்னதும் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்க்கிறேன்.

பிரியமானவர்களே, உங்களில் யார் வீட்டிலாவது போன ஆள் இன்னும் வீடு திரும்பாமல் இருந்தால், கேட்பதை விட்டுவிடாதீர்கள். நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால், ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் போய் அவர் கையைப் பிடித்துப் பாருங்கள். சூடாக இருக்கும்.