மருந்தறைச் சுவர்

கோவில்பட்டியில் எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிறவள் செல்லத்தாயி. மருந்து ரூமுக்குள் இரும்பு ஆகாது; உரசினால் தீப்பொறி பறக்கும். அதனால் வாசலிலேயே கொண்டை ஊசியை உருவிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

2003-ல் முதலாளி எங்களை வேனில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒரு கடலோரக் கோட்டை. பீரங்கி மேல் சாய்ந்து ஆளாளுக்குப் போட்டோ எடுத்தோம். பக்கத்திலேயே பழைய வெடிமருந்து அறை. செல்லத்தாயி பழக்கத்தில் ஊசியை உருவினாள்.

"ஏட்டி, மருந்து தீந்து எரநூறு வருசமாச்சு!" என்று சிரித்தோம்.

அவள் சிரிக்கவில்லை. வாசலில் நின்று சுவரின் கனத்தைக் கையை விரித்து அளந்தாள். இரண்டு கைக்கும் அடங்கவில்லை. முதலாளி பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, மருந்துக்கும் ஆளுக்கும் நடுவுல இம்புட்டுப் பெரிய சுவரா? நம்ம ஆபீஸ்ல வெறும் ஓலத் தட்டிதான இருக்கு? அதுக்கு அந்தப் பக்கந்தான இவ்வளவு பேரும் உக்காந்து பெட்டியில குச்சி அடைக்காவ?"



முதலாளி மழுப்பினார். "அந்தக் காலத்து ஆளு, பயந்து கட்டிருக்கான்."

"பயந்து கட்டல அண்ணாச்சி. அந்தப் பக்கம் மனுசன் இருக்கான்னு நெனச்சுக் கட்டிருக்கான்."