கரண்ட் வந்ததும் அடித்த முதல் பத்திரிகை

1. செஞ்சி பஜாரில் அக்கா கல்யாணம், காதுகுத்துக்குப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்தாள். அட்டையின் அகலத்துக்குத் தக்கபடி எழுத்தை வரிவரியாக மடக்கித் தரும் மென்பொருளை நான் எழுதிக் கொடுத்தேன்.

2. அது கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடியது. பிறகு எப்போதாவது ஒரு நாள், நீளமான வரி மடங்காமல் ஓரத்தைத் தாண்டிப் போய் வெட்டுப்பட்டது.

3. அக்கா போன் செய்வாள். நான் வீட்டில் என் மடிக்கணினியில் அதே பத்திரிகையைத் திறப்பேன். அழகாக மடங்கியிருக்கும்.

4. "எங்கிட்ட சரியாத்தான் இருக்குது" என்பேன். "அப்ப உன் லேப்டாப்பையே ஊர் ஊரா எடுத்துக்கினு போய் காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

5. ஆவணியில் ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் பாதியோடு நின்றது.

ஐந்தாவதற்காகத்தான் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள் விடுப்பு கேட்டால் மேலாளருக்கு ஆச்சரியம். காரணம் சொன்னால் இன்னும் ஆச்சரியப்பட்டிருப்பார்.

குழந்தையின் அம்மா பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேல்மலையனூர் பக்கத்துக் கிராமம். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். பயந்துபோயிருந்தார்.

"வரப்புத் தகராறுல எங்கண்ணன் எங்க வூட்டுப் பக்கமே வர்றதில்லம்மா. இன்னிக்கு சாயங்காலம் தட்டு எடுத்துக்கினு போறோம். மொதப் பத்திரிகை அவருக்குத்தான். பாதிப் பேர நீட்டுனா, 'நான் இன்னா பாதி மாமனா'ன்னு கேக்க மாட்டாரா?"

அந்தத் தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்த வேண்டும்.

"கண்ணால பாத்துத்தான்டி அடிச்சேன்" என்றாள் அக்கா. "நேத்து இவங்களுக்குத் திரையில காட்டினேன், முழுசா இருந்துச்சு. நடுவுல கரண்ட் போச்சு. வந்ததும் தொறந்து அப்படியே அடிச்சேன்."

"இப்ப திரும்ப அடி."

அடிக்க முடியவில்லை. அன்றும் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. யு.பி.எஸ். பேட்டரி ஆடியிலேயே படுத்துவிட்டது. ஒரு முறை வந்தபோது அக்கா அவசரமாகக் கணினியைப் போட்டு, பத்திரிகையைத் திறந்து, ஒரு அட்டை அடித்தாள். அதே இடத்தில் மாமன் வெட்டுப்பட்டார். இன்னொன்று அடிப்பதற்குள் மின்விசிறி நின்றது. அந்த அம்மா புது அட்டையைப் பழைய அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

எனக்கு இது நல்ல செய்தி. கேட்கிற நேரத்தில் வந்து நிற்கிற பிழையைப் பிடித்துவிடலாம். ஆனால் அதை அவரிடம் சொல்ல முடியுமா?

அட்டையால் விசிறிக்கொண்டே யோசித்தேன். கரண்ட் போய் வந்தால் பிழை வருகிறது. ஆனால் கணினி தினமும் இரவில் அணைந்து காலையில்தானே எழுகிறது? காலையில் ஏன் வருவதில்லை?

"கடை தொறந்ததும் இன்னா பண்ணுவ? வரிசையா சொல்லு."

"பெருக்குவேன். விளக்கேத்துவேன். கம்ப்யூட்டரப் போடுவேன். பிள்ளையார் சுழி ஒண்ணு அடிச்சு, மஞ்சள் வச்சு சாமிகிட்ட வைப்பேன். அப்புறம் வேலை."

"பிள்ளையார் சுழிய எதுல அடிப்ப?"

"உன் சாப்ட்வேர்லதான். ஏன், பிள்ளையாருக்குத் தனி சாப்ட்வேரா எழுதி வச்சிருக்க?"

மடிக்கணினியில் சார்ஜ் இருந்தது. போனிலிருந்து இணையம் எடுத்துத் தேடினேன். வரி மடக்கும் வேலையை நான் முழுதாக எழுதவில்லை. யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் ஒரு லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, சேர்த்திருந்தேன். புதிய பதிப்பு வந்தால் தானாக எடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்தேன். பழைய பதிப்பு, தமிழ் எழுத்துரு முழுதாக ஏறும்வரை காத்திருந்து வரியின் அகலத்தை அளக்கும். புதியது வேகத்துக்காக அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டது. அதனால் கணினியைப் போட்டதும் திறக்கிற முதல் பக்கத்தை மட்டும் வேறு ஏதோ ஒடுக்கமான எழுத்தில் அளந்து, 'இடம் இருக்கிறது' என்று சொல்லிவிடும். பிறகு அகலமான நம் எழுத்து வந்து உட்காரும்போது ஓரம் தாண்டும். இரண்டாவது பக்கத்திலிருந்து எல்லாம் சரி.

காலையில் அந்த முதல் பக்கம் பிள்ளையார் சுழி. ஒற்றை எழுத்து, அதில் மடங்க என்ன இருக்கிறது? கரண்ட் போய் வந்தபோது அக்கா சாமிக்கு மறுபடி அடிப்பதில்லை. அப்போது முதல் பக்கம் வாடிக்கையாளருடையது. என் மடிக்கணினியிலோ அந்த மென்பொருளை நான் மூடுவதே இல்லை, எழுத்துரு எப்போதும் ஏறியே இருக்கும்.

சொன்னேன். அக்கா பாதி கேட்டாள். "ஆக, இத்தன நாளா உன் தப்ப பிள்ளையார்தான் தாங்கிக்கினு இருந்தாரு."

"ஆமா."

"ஒரு தேங்காயாவது உடை."

மறுபடி கரண்ட் வந்தபோது மணி நான்கு இருக்கும். திருத்தும் அளவுக்கு நேரம் இல்லை. "மொதல்ல பிள்ளையார் சுழி" என்றேன். அக்கா அடித்தாள். பிறகு காதுகுத்துப் பத்திரிகை. தாய்மாமன் வரி தாராளமாக மடங்கி, பெயரும் ஊரும் முழுதாக அடுத்த வரியில் நடுவாந்திரமாக நின்றன. அந்த அம்மா விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஈரம் காய்வதற்குள் விரல் வைக்கிறாரே என்று அக்கா பல்லைக் கடித்தாள், தடுக்கவில்லை. தட்டில் வைக்கிற அளவுக்கு நான்கைந்து அட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். மீதியை மறுநாள் கொடுத்தனுப்பினோம்.

இப்போதைய நிலை: லைப்ரரியைப் பழைய பதிப்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். அதை எழுதியவர்களுக்குப் பிழையைத் தெரிவித்தேன், பதில் இன்னும் வரவில்லை. யு.பி.எஸ். பேட்டரி மாற்றியாகிவிட்டது. கரண்ட் போய் வந்தாலும் அக்கா இப்போது பிள்ளையார் சுழி அடிக்கிறாள். தேவையில்லை என்று சொல்லிவிட்டேன், கேட்கவில்லை. மாமன் காதுகுத்துக்கு வந்தார், குழந்தை அவர் மடியில்தான் அழுதது. வரப்புத் தகராறு இன்னும் தீரவில்லை.