பென்சிலைக் கீழே வைத்த நிருபர்

ராயப்பேட்டையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையின் முதலாளி, அன்று காலையில் கிளாஸை மேசைமேல் வைத்துவிட்டு நகராமல் நின்றார். "வகாப் பாய் மவுத்தாயிட்டார், முதலியார். விடியல்ல மார் வலின்னாராம். டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. சாயங்காலத் தொழுகைக்கு முன்னாடி எடுக்கறாங்க" என்றார். டீயை நான் தொடவில்லை. முந்தின வாரம்தான் அதே மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, என் பத்திரிகையின் கார்ப்பரேஷன் செய்தியில் ஒரு பிழையைக் காட்டி, சிரித்துவிட்டுப் போயிருந்தார்.

அப்துல் வகாபை அறிந்தவர்களில் பலர் அவரை அவருடைய தமையனாரின் தோல் மண்டியில் பார்த்தவர்கள். அதற்கு முன் அவர் ஒரு தமிழ்த் தினசரியில் நிருபராக இருந்தவர் என்பது அவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தவர். நான் வேலை செய்த பத்திரிகையும் அவருடையதும் ஒன்றையொன்று கண்டால் ஆகாதவை. இரண்டு பத்திராதிபர்களும் ஒரே கல்யாணத்தில் சந்தித்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நாங்கள் இருவரும் ஒரே டிராமில் கூட்டத்துக்குப் போய் ஒரே டிராமில் திரும்புவோம்.

முதன்முதலில் அவரைக் கவனித்தது அவர் குறிப்பு எடுக்கும் விதத்தைப் பார்த்துத்தான். மாட வீதியில் ஏதோ ஒரு கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பென்சில் வலது ஓரத்திலிருந்து இடது பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. பேசுகிறவர் பேசுவது தமிழ். இவர் எழுதுவது அரபி எழுத்து. நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டுகொண்டு, "தமிழ்தான் முதலியார். எங்க வீட்ல பொம்பளைங்க எல்லாம் இப்படித்தான் எழுதுவாங்க. நீங்க திருடிக்கினு போனாலும் படிக்க முடியாது, அதான் சௌகரியம்" என்றார். நான் முதலியார் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். என் பத்திராதிபர் என்னைத் திட்டுகிற சத்தம் மயிலாப்பூர் முழுவதும் கேட்கிறதே என்றார்.

ஏரியைத் தூர்த்து மாம்பலத்தில் மனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கூட்டம் என்றால் திரும்பி வர வண்டி கிடைக்காது. தவளைச் சத்தத்தின் நடுவே நடந்து வருவோம். புது வீடுகளில் ஒன்றிரண்டில் விளக்குத் தெரியும். வீட்டு வரி, தண்ணீர் வரி, விளக்கு வரி என்று பேச்சாளர் அடுக்கியதையெல்லாம் வகாப் பாய் அதே குரலில் திருப்பிச் சொல்லிக்கொண்டே வருவார். மூக்கால் பேசும் ஒரு கவுன்சிலரின் குரல் அவருக்கு அப்படியே வரும். சிரித்துச் சிரித்து நான் சேற்றில் கால் வைத்த நாட்கள் உண்டு. இப்போது அந்தப் பக்கம் முழுவதும் தெருக்களாகிவிட்டது. அந்த வழியாகப் போகும்போது தவளைச் சத்தம் இல்லாததுதான் எனக்கு முதலில் உறைக்கிறது.

அவருடைய வேலையைப் பறித்த தேர்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் கார்ப்பரேஷனுக்கு ஒரு இடம் காலியாயிற்று. வக்கீல் வைத்தீஸ்வரன் ஒரு பக்கம், மரக்கடை முதலாளி ஒருவர் மறு பக்கம். வக்கீல், வகாப் பாயின் பத்திரிகை தாங்கிய வேட்பாளர்; மரக்கடை முதலாளி, என் பத்திரிகை தாங்கியவர். முதல் கூட்டத்திலேயே அவர், சிறிய வீடுகளுக்குச் சாக்கடை வரியை அடியோடு எடுத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வகாப் பாயின் பத்திரிகை அதைத் தலைப்பில் போட்டது.

அடுத்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபின் நடந்த கூட்டத்தில் வக்கீல், சாக்கடை வரியைக் குறைக்க முடியாது, கொஞ்சம் கூட்டவும் வேண்டியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

மறுநாள் வகாப் பாயின் பத்திரிகையில் அந்தப் பேச்சு இரண்டு பத்தி வந்திருந்தது. வரி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அவர் எழுதிக் கொடுத்ததை அடித்துவிட்டார்கள். என் பத்திரிகையில் வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. 'வக்கீலின் குட்டிக்கரணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, மரக்கடை முதலாளி வக்கீலின் வாயை எப்படி அடைத்தார் என்ற கற்பனையையும் ஆசிரியர் சேர்த்திருந்தார். டீக்கடையில் வகாப் பாய் இரண்டு தாள்களையும் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மன்சன் மாத்திக்கினாருன்னு உங்க பேப்பர் சொல்லுது. மாத்திக்கலேன்னு எங்க பேப்பர் சொல்லாம சொல்லுது. ஏன் மாத்திக்கினாருன்னு ரெண்டுத்துலயும் இல்லியே முதலியார்" என்றார்.

"அவரே சொல்லலையே, பாய்."

"நாமளும் கேக்கலையே."

கேட்டாலும் போடமாட்டார்கள் என்றேன். அவர் தாள்களை மடித்தார்.

கடைசிக் கூட்டம் குளத்துக்குப் பின்புறம் ஒரு மைதானத்தில் நடந்தது. நிருபர்களுக்கென்று மேடையின் கீழே ஒரு பெஞ்சு. வக்கீல் பேசி முடித்து உட்காரப் போனார். வகாப் பாய் பென்சிலைப் பெஞ்சின்மேல் வைத்தார். எழுந்து, எங்களைவிட்டு விலகி, ஜனங்களின் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"ஐயா, நான் நிருபரா இதைக் கேக்கலை. எங்க வாப்பா வீடு இந்த டிவிஷன்ல இருக்கு, எனக்கு ஓட்டு இருக்கு. சாக்கடை வரியை எடுக்கறேன்னு சொன்னீங்க. அப்புறம் கூட்டணும்னு சொன்னீங்க. நடுவுல என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க" என்றார்.

மேடையிலிருந்த ஒருவர் அவரை உட்காரச் சொன்னார். பின்னாலிருந்து ஒரு மீன்காரம்மா, "கேக்கட்டுமே நைனா, எங்களுக்கும் தெரியணும்ல" என்றாள். வக்கீல் கையை உயர்த்தி மேடைக்காரரை நிறுத்திவிட்டு, முன்னால் வந்தார். அதுவரை மேடைத் தமிழ் பேசிக்கொண்டிருந்தவர், வீட்டில் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தார்.

"நான் சொன்னது வாஸ்தவம். எடுத்துடறேன்னுதான் சொன்னேன். அப்போ எனக்குக் கால்வாய்க்கரை தெரியாது. இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்துண்டு அந்தப் பக்கம் போனதில்லே. மழையன்னிக்கு ஓட்டுக் கேக்கப் போனேன். வீட்டுக்குள்ள முழங்கால் ஜலம். சாக்கடை ஜலம். ஒரு அம்மா ஜுரத்தோட இருக்கற குழந்தையைப் பரண்மேல படுக்கவெச்சிருந்தா. எனக்கு உள்ள போய் நிக்க இடமில்லே. கார்ப்பரேஷன் இன்ஜினீயர்கிட்ட போய்க் கேட்டேன். குழாய் போடலாம், பணமில்லேன்னார். வரியை எடுத்துட்டா அந்தக் குழாய் வராது. சொன்ன வார்த்தையைக் காப்பாத்தறதா, குழாய் போடறதான்னு யோசிச்சேன். குழாய்னு தோணித்து. போன தடவையே இதைச் சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்தது, சொல்லலே."

யாரும் கைதட்டவில்லை. வகாப் பாய், "போதும் ஐயா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, எங்கள் பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பென்சிலை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

கூட்டமே கேட்டுவிட்டதால் இரண்டு பத்திரிகைகளும் அந்தப் பதிலைப் போட வேண்டியதாயிற்று. என் ஆசிரியர் அதைக் கடைசிப் பக்கத்தில் போட்டார். வகாப் பாயின் பத்திராதிபர், தாங்குகிற வேட்பாளரையே மடக்கிய நிருபருக்கு இனி வேலை இல்லை என்றார். வக்கீல் தோற்றார். வீட்டு வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு; கால்வாய்க்கரை ஜனங்களில் ஓட்டு உள்ளவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஓட்டு உள்ளவர்களின் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.

என் ஆசிரியர் உடனே வகாப் பாயை அழைத்தார். வக்கீலை வீழ்த்தியவர் என்று அவருக்குச் சந்தோஷம். நான்தான் போய்ச் சொன்னேன். அப்போதுதான் வகாப் பாய் கோபப்பட்டு நான் பார்த்தேன். "நான் அவரை வீழ்த்தக் கேக்கலை, முதலியார். உங்க ஆளும் ஒருநாள் மாத்திக்குவார். அன்னிக்கும் நான் எழுந்து நிப்பேன். அப்போ உங்க ஆபீஸ்ல என்னை வெச்சிருப்பாங்களா?" என்றார். மறு மாதம் அவர் தமையனாரின் மண்டிக்குப் போய்விட்டார். அவருடைய மனைவி அதற்காக அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று வகாப் பாய் சொல்லியிருக்கிறார். ஆனால் பெரிய பெண்ணின் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று.

வரியே கூடாது என்று சொல்லி ஜெயித்த மரக்கடை முதலாளி, அடுத்த வருஷம் சாக்கடை வரியை உயர்த்தும் தீர்மானத்துக்குக் கை தூக்கினார். அன்று கார்ப்பரேஷனில் நான்தான் இருந்தேன். எழுதிக் கொடுத்தேன். கார்ப்பரேஷன் செய்திகளின் அடியில் ஒரு வரியாக வந்தது, அவர் பெயர் இல்லாமல். டீக்கடையில் வகாப் பாயிடம் அதைக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "ஜெயிச்சவர் மாத்திக்கினா நிர்வாகம். தோத்தவர் மாத்திக்கினா குட்டிக்கரணம்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "குழாய் போடறாங்களா, பாத்தீங்களா?" என்று கேட்டார். போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நடந்துபோய்க் கால்வாய்க்கரையில் தோண்டியிருந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்தோம்.

அவர் இறந்த அன்று, மய்யித்தை எடுக்கும் நேரத்துக்கு நான் பள்ளிவாசல் வெளிப்புறத்தில் மற்ற இந்து நண்பர்களுடன் நின்றிருந்தேன். ஒரு வண்டியிலிருந்து வக்கீல் வைத்தீஸ்வரன் இறங்கினார். தேர்தலுக்குப் பிறகு அவர் பொதுக்கூட்டம் எதற்கும் வந்ததில்லை. தலை முழுவதும் நரைத்திருந்தது. மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தோளில் சுமந்து அவர்கள் எங்களைக் கடந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அந்தப் பெஞ்சில இருந்தவர்தானே?" என்றார். ஆமாம் என்றேன்.

"அந்தத் தேர்தல்ல எனக்கு மாலை போட்டா, என்னைத் திட்டினா, படம் போட்டா. ஏன் மாத்திண்டேன்னு இவர் ஒருத்தர்தான் கேட்டார். என்கிட்ட ஒரு காரணம் இருக்கும்னு நம்பினவர் இவர் ஒருத்தர்தான்" என்றார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நான் இன்னும் அதே பத்திரிகையில்தான் இருக்கிறேன். இப்போது மற்றவர்கள் எழுதிக்கொண்டு வருவதைத் திருத்துகிற நாற்காலி எனக்கு. யாராவது சொன்ன சொல்லை மாற்றினார் என்று செய்தி வந்தால், கொண்டுவந்தவரிடம், "ஏன் என்று கேட்டீர்களா?" என்கிறேன். கேட்கவில்லை என்றால் திருப்பி அனுப்புகிறேன். ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. வகாப் பாயிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். இதை நான் விடுவதாக இல்லை.