ஏற்றம் நின்ற நேரம்

நெஞ்சுவரை மண்ணுக்குள் புதைந்து, இனி பெண்டாட்டி பிள்ளைகள் முகத்தில் விழிக்கப் போவதில்லை என்று முடிவு கட்டியவன் நான். அதே நான்தான் இன்று உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன். செலியமேட்டில் கொல்லை வைத்திருக்கும் சூசை. என்னைத் தெரியாதவர்கள் இந்தக் கோயிலில் குறைவு. என் வாயைத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு.

ஜெர்மன்காரன் பிரான்சுக்குள் புகுந்துவிட்டான் என்று பாகூர்ச் சந்தையில் குசுகுசுவென்று பேசிக்கொண்ட கோடை அது. ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. என் கொல்லையில் கிணறு வெட்ட ஆரம்பித்தேன். கூட வேலை செய்தவன் என் பெண்டாட்டியின் தம்பி அந்தோணி. இரண்டாள் ஆழம் போனதும் மணல் வந்தது. மணல் வந்தால் சுற்றிலும் பனஞ்சட்டம் முட்டுக் கொடுத்த பிறகுதான் மேற்கொண்டு தோண்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

“மாமா, நான் வண்டி கட்டிகினு போயி பாகூர்லேர்ந்து சட்டம் எடுத்தாறேன். அதுவரைக்கும் நீ உள்ள எறங்காத,” என்று சொல்லிவிட்டுக் காலையில் அந்தோணி போனான். எனக்குப் பொறுக்கவில்லை. அவன் வருவதற்குள் ஒரு முழமாவது தோண்டி வைப்போம் என்று இறங்கினேன்.

அடுத்த கொல்லை கோதண்டத்தினுடையது. அங்கே ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் கீழே நின்று தண்ணீர்ச் சாலைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுவார். மேலே ஏற்ற மரத்தில் முன்னும் பின்னும் நடந்து மிதிக்கிறவன் நம் கோயில் சின்னப்பன். மத்தியான மணி அடித்தால் சின்னப்பன் அந்த மரத்தின் மேலேயே நின்று, தலைத்துணியை அவிழ்த்து, திரிகால செபம் சொல்வான். அதுவரை ஏற்றம் நிற்கும். கோதண்டம் இந்து. ஆனாலும் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசாமல் காத்திருப்பார்.

கேலி செய்தவன் வேதக்காரனாகிய நான்தான். வேலியோரம் நின்று, “இன்னாடா சின்னப்பா, ஒனக்குக் கூலி குடுக்கறது கோதண்டமா, மோட்சத்து சம்மனசா?” என்பேன். மணி அடித்தாலும் என் கடப்பாரை நிற்காது.

அன்று தோண்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் சரிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் மண் இடுப்புக்கு வந்தது, அடுத்த நொடி நெஞ்சுக்கு வந்தது. ஒரு கை உள்ளே மாட்டிக்கொண்டது. கத்தினேன். ஏற்றத்தின் கிறீச்சலும் கோதண்டத்தின் பாட்டும் என் குரலை விழுங்கிவிட்டன. கத்தக் கத்த மேலிருந்து மணல் பொலபொலவென்று கொட்டியது. மூச்சு முட்டியது. வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு செபம் செய்தேன். பொய் சொல்லக் கூடாது, முதலில் அது செபமே இல்லை, பேரம். ஆள் உயர மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்றேன். மொட்டை அடித்துக்கொள்கிறேன் என்றேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. பேரம் பேசவும் ஏதுமில்லாமல் போயிற்று. அழுதேன்.

அப்போது என்னவோ, காலையில் குடித்த கஞ்சி ஞாபகம் வந்தது. கூடச் சின்ன வெங்காயம் உரித்து வைத்திருந்தாள் என் பெண்டாட்டி மதலேனம்மாள். உப்புக் குறைச்சல் என்று முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு எழுந்து வந்திருந்தேன். “ஆண்டவரே, அந்தக் கஞ்சிக்கு ஸ்தோத்திரம்” என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இறங்காதே என்று சொன்ன அந்தோணிக்கு ஸ்தோத்திரம். அம்மை வார்த்துப் பிழைத்த என் சின்ன மகளுக்கு ஸ்தோத்திரம். மாட்டாமல் வெளியே இருந்த இடது கைக்கு ஸ்தோத்திரம். சொல்லச் சொல்லப் படபடப்பு அடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விடக் கற்றுக்கொண்டேன்.

கோயில் மணி அடித்தது.

ஏற்றம் நின்றது. பாட்டும் நின்றது. கொல்லை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சின்னப்பன் அந்தச் செபத்தில் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம்தான் எனக்கு இருக்கிறது என்று தெரியும். மணல் கொட்டினால் கொட்டட்டும் என்று, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, “சின்னப்பா!” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன்.

செபத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் குதித்து ஓடி வந்தான். பின்னாலேயே கோதண்டம். ஏற்றக் கயிற்றை அவிழ்த்து வந்து அவர் ஒரு முனையை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டார். சின்னப்பன் இறங்கி, மறுமுனையை என் அக்குளில் கட்டிவிட்டு, மண்வெட்டி பட்டால் மண் இன்னும் சரியும் என்று வெறும் கையால் வாரினான். அவன் நகமெல்லாம் ரத்தம். என்னை மேலே ஏற்றிப் போட்டபோது அந்தோணி சட்டத்தோடு வந்து சேர்ந்தான். “சொன்னா கேக்கமாட்டியா மாமா?” என்று திட்டிக்கொண்டே அழுதான்.

விலா எலும்பு இரண்டு போய் ஒரு மாதம் படுத்துக் கிடந்தேன். சின்னப்பன் பார்க்க வந்தான். நான் செய்த கேலிக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “அத்த வுடு. ஒடம்பப் பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டான்.

நம் வீடுகளில் பெண்டாட்டிக்கு நன்றி சொல்கிற வழக்கம் ஏது? ஆனாலும் படுக்கையில் இருக்கும்போது ஒருநாள், “கஞ்சி நல்லா இருந்துது மதலேனு,” என்றேன். அவள் பதறிப்போய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “இன்னாயா, சொரம் அடிக்குதா?” என்றாள். மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். உப்பு குறைந்த நாளிலும் சொன்னேன். ஒருநாள் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நான் கிணற்றுக்குள் இருந்து செபம் செய்ததையும், ஆண்டவர் கேட்டதையும் வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அன்றுதான் வாய் திறந்தாள்.

“நீ கேட்டது ஒரு பகல்ல கெடச்சிட்சி. இந்த மனுசன் வாயிலேர்ந்து எனக்கு ஒரு நல்ல வார்த்த வரணும்னு நான் கேட்டது, கெடைக்கப் பதினோரு வருசம் ஆச்சி.”



அன்புள்ளவர்களே, நீங்கள் எதைக் கேட்டு முழங்கால் தேய நிற்கிறீர்களோ எனக்குத் தெரியாது. விடாமல் கேளுங்கள், அவர் கொடுப்பார். ஆனால் உங்களைப் பற்றியே உங்கள் வீட்டில் யாராவது அழுது கேட்டுக்கொண்டிருக்கலாம். அதைக் கொடுக்க ஆண்டவர் காத்திருக்கிறார். கொடுக்க வேண்டிய கை உங்களுடையது.