அழிய மறுத்த சாவி
பூமிநாதனை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். கதை கட்டத் தெரியாத மனுஷன். அவனுக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். நம்பாதவர்கள் ஒரு தடவை பரளச்சிப் பக்கம் உச்சி வெயிலில் தனியாகப் போய்ப் பாருங்கள்.

கார்ச் சாவி தொலைத்தவர்களுக்கு, இருக்கிற இடத்துக்கே பைக்கில் போய்ப் புதுச் சாவி செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. போன சித்திரையில் சத்யபிரியா என்ற பெண் கூப்பிட்டாள். பரளச்சிக்கு வெளியே, கருவேலங்காட்டு ஓரம் ஒற்றை வீடு. அவள் சேலையைப் பிடித்தபடி ஆறு வயதுப் பிள்ளை.

"இருந்த ஒரே சாவியும் அவுககிட்ட இருக்குண்ணே. மொதல்ல அத செல்லாம ஆக்குங்க. நேத்தும் வண்டிய எடுக்கப் பாத்தாக. இன்னைக்கே நானும் பாப்பாவும் நரிக்குடிக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போயிரணும்."

"கார் ஓட்டுவியாம்மா?"

"ஓட்டுவேண்ணே."

குடிகாரப் புருஷன் போல என்று நினைத்துக்கொண்டான். பாவமாக இருந்தது.

மணி 12.10. கார்க் கதவைத் திறந்தான். எந்தச் சாவிக்கு வண்டி கிளம்பலாம் என்று காரில் பதியவும் அழிக்கவும் செய்கிற மிஷினை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினான். பதிவான சாவி: 1. அழித்தான். 0 என்று வந்தது. புதுச் சாவியை எடுக்கப் பைக்குக்கு நடந்தான்.

திரும்பி வந்தால்... 1.

சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்பினால்தான் மிஷின் அதைப் பதியும். துவாரம் காலியாக இருந்தது.

12.19. மறுபடி அழித்தான். 0.

இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

க்ளிக்...

காலித் துவாரத்துக்குள் யாரோ திருப்புகிற சத்தம். டாஷ்போர்டு விளக்குகள் எரிந்தன.

1.

"அட என்ன கருமம்டா இது!"

ஐந்து தடவை அழித்தான். ஐந்து தடவையும் வந்தது.

12.41. வேறு வழியில்லாமல் புதுச் சாவியை இரண்டாவதாகச் சேர்த்தான். வண்டி கிளம்பியது.

"பழசு இனி செல்லாதுல்லண்ணே?"

ஓடிவிட வேண்டும் போலிருந்தது அவனுக்கு. "செல்லாதும்மா" என்றான்.

ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் டீக்கடை முனீஸ்வரனிடம் கேட்டான். "அந்தம்மா புருஷன் எங்க இருக்காரு?"

"ராஜபாண்டியா? செத்து நாப்பது நாளாச்சே. கார்னா உசுரு அவனுக்கு. ஆசப்பட்டு வாங்குன வண்டியாச்சேன்னு, சாவிய அவன் கையிலயே வச்சுப் பொதைச்சோம். வீட்டுல இன்னொண்ணு இருக்கும்னு நெனச்சுட்டோம்."

1.25. போன் போட்டான். பிள்ளை எடுத்தது. வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது.

"பாப்பா, அம்மாட்ட குடு!"

"அம்மா அழுறாக மாமா... பின் சீட்டுல, எம் பக்கத்துல..."

கியர் மாறியது.

அப்புறம் எத்தனை தடவை அடித்தும் போன் போகவில்லை. நரிக்குடியில் அவள் அம்மா இன்னமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.