தாயின் குடி

எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருவது. நான் அம்மாவின் குடி. அம்மாவின் அண்ணனான மாமாவும் அதே குடி. மாமாவின் பிள்ளைகளோ மாமியின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை என்பதால் தகப்பனும் பிள்ளையும் ஒருபோதும் ஒரே குடியாக இருப்பதில்லை. களுதாவளைப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் நாங்கள் ஏமாந்தோம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. மாவட்ட அரசாங்கக் காரியாலயமான மட்டக்களப்புக் கச்சேரியில் எனக்குப் புதிதாகக் கிளாக்கர் வேலை கிடைத்திருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் சிங்களம் மட்டும் அரச மொழி என்றான பிறகு வேலைக்குச் சேர்ந்தவள் நான். சிங்களச் சோதனையில் சித்தியடையாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

திருவிழாவில் குடிக்கு ஒரு நாள் உண்டு. அந்த வருடம் எங்கள் குடியின் நாளன்று எங்கள் எம்.பி. கோயிலுக்கு வந்தார். அவரும் எங்கள் குடிதான். தமிழுக்காகப் பேசுவார் என்று கை வலிக்கக் கொடி கட்டி நாங்கள் அனுப்பிய மனிதர். பூசை முடிந்ததும் சுவாமிக்கு முன்னால் நின்று சொன்னார்:

"நம்மட குடியில ஒரு புள்ளயும் சிங்களச் சோதனைக்குப் போகப்படாது. வேல போனா நான் பாக்கிறன்."

குடியின் சார்பில் கோயில் காரியம் பார்க்கும் வண்ணக்கர் என் மாமா. அவர் என் பக்கம் திரும்பினார். "ஓம் எண்டு சொல்லு மகள்."

ஓம் என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். எம்.பி.யின் மகனும் என்னைப்போல அதே கச்சேரியில் புதிதாகச் சேர்ந்தவன். அவன் என்ன செய்யப்போகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுவாமிக்கு முன்னால் வாக்குக் கொடுக்கும் சொந்தக்காரனிடம் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

கச்சேரியில் பக்கத்து மேசைக்காரர் காத்தான்குடி ஊர் முஸ்லிம். அண்ணன் முறைக்கு அவரைக் காக்கா என்பேன். "புள்ள, சோதனைய எடுத்து வெச்சுக்க. எடுத்துப்போட்டும் சண்ட புடிக்கலாம்" என்றார்.

"நாங்க கோயில்ல வாக்குக் குடுத்திட்டம், காக்கா."

சோதனைக்கு நான் போகவில்லை. எம்.பி.யின் மகன் போனான், சித்தியடைந்தான். கொஞ்ச நாளில் எம்.பி.யும் அரசாங்கப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வேலை போயிற்று.

மாமாவும் நானும் அவருடைய டவுன் வீட்டுக்குப் போனோம். நல்ல தேத்தண்ணீர் தந்தார். மகனைப் பற்றி மாமா மெல்லக் கேட்டதும் சிரித்தார். "நான் சொன்னது நம்மட குடிக்கு. அவன் தாய்ர குடியெல்லோ?"

வழமைப்படி அதில் பிழை பிடிக்க இடமில்லை. அதனால்தான் எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. என் வேலையைப் பற்றி "பாப்பம்" என்றார். கல்லடிப் பாலம் தாண்டி வரும்வரை மாமா முகத்தை மறுபக்கமே திருப்பி வைத்திருந்தார். எனக்காகக் கொதிக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த திருவிழா. எங்கள் குடியின் நாளுக்கான மரியாதைத் தட்டை நான்தான் வீட்டில் அடுக்கிக் கோயிலுக்கு எடுத்து வந்தேன். வெற்றிலை, பாக்கு, பழம், பூ. கோயில் வாசலில் ஜீப் வந்து நின்றது. எம்.பி. இறங்கினார். மாமா என்னிடம் வந்து தட்டுக்குக் கை நீட்டினார்.

"இவருக்கா, மாமா?"

"என்ன செய்யிற மகள். நம்மட குடியில பெரிய ஆள். ஊருக்கு றோட்டும் வரப்போகுது."

"அப்ப நான் ஆர்ர குடி?"

மாமா தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் முதல் மரியாதையை அவருக்கே கொடுத்தார். சட்டம் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அவர்கள் எனக்கு வாக்குத் தந்தவர்கள் இல்லை. துரோகம் என்று நினைத்தால் எனக்கு மாமாவின் கைதான் கண்ணில் வருகிறது.

பிறகு எனக்கு மூன்று பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் என்ன குடி என்று விசாரித்தபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அன்றும் சொல்லவில்லை. மாமாவுக்கு ஏழு பிள்ளைகள். ஒருவரும் அவருடைய குடி இல்லை; அது தொடர்வதானால் கூடப்பிறந்தவள் வழியில்தான். அவருக்குக் கூடப்பிறந்த பெண் என் அம்மா ஒருத்திதான், அம்மாவுக்குப் பெண் என்று இருந்தவள் நான் மட்டும்தான்.